எடுத்த தரவை எந்தக் கோப்பில் வைப்பது? சிஎஸ்வி, க்யூவிடி, ஹைப்பர், பார்க்கே, டக்டிபி: ஓர் ஒப்பீடு

ராத்திரி ஓடும் ஒரு வினவல் நாற்பது லட்சம் வரிகளை இழுத்துவர முக்கால் மணி நேரம் எடுக்கிறது. அதே தரவு மூன்று டாஷ்போர்டுகளுக்கு வேண்டும். மூன்றும் தனித்தனியாகப் போய் அதே சர்வரைத் தட்டுகின்றன. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர் பொறுமையிழந்து, "ஒரு தடவை எடுத்து எங்கேயாவது வச்சுக்கங்களேன்" என்கிறார். சரி, வைத்துக்கொள்ளலாம். எதில் வைப்பது? இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பிஐ மென்பொருளின் (க்ளிக், டேப்லோ, பவர் பிஐ போன்று தரவிலிருந்து அறிக்கையும் டாஷ்போர்டும் செய்யும் கருவி) சொந்தக் கோப்பு, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக எல்லோருக்கும் தெரிந்த சிஎஸ்வி, புதிதாகக் காதில் விழும் பார்க்கே என்று வழிகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்ய ஓர் ஆள் இருக்கிறார்.

யார் இதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இந்தக் கோப்பை அடுத்து யார் திறக்கப் போகிறார்கள்? அதே மென்பொருளா, வேறொரு நிரலா, ஒரு மனிதரா? பாதி முடிவு இந்தப் பதிலிலேயே இருக்கிறது. வேகம், அளவு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில், சேமிக்கத்தான் வேண்டுமா

கோப்பாக எடுத்து வைத்த நொடியிலிருந்து தரவு பழசாகத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நேரடி இணைப்புதான் பொருந்தும். சர்வர் சட்டென்று பதில் சொல்கிறது, பார்ப்பவர்களும் நாலைந்து பேர்தான் என்றால் அப்போதும் கோப்பு வேண்டாம். நகல் ஒன்று கூடினால் அதைக் காக்கும் வேலையும் கூடும்.

சேமிக்க நியாயமான காரணங்கள் மூன்று. மூலம் மெதுவாக இருக்கலாம். ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) போன்ற மூலம் ஒரு நாளைக்கு இத்தனை அழைப்புதான் என்று வரம்பு வைத்திருக்கலாம். அல்லது மூலம் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதலாம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இருப்பு டேபிளில் இன்றைய இருப்பு மட்டுமே இருக்கும். போன மாதக் கடைசியில் எவ்வளவு இருந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. தினமும் ஒரு நகல் எடுத்து வைத்தால், அந்தக் கோப்புகள்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரலாறு. அதை எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பதில் அலட்சியம் கூடாது.

எதை வைத்து எடைபோடுவது

யார் திறப்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, தரவின் வகை அப்படியே திரும்பி வருமா என்பது. எண், எழுத்து, தேதி, வெற்றிடம் (மதிப்பே இல்லாமை) நான்கும் எழுதும்போது இருந்தபடியே படிக்கும்போதும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் குறியீடு 004512 என்று போய் 4512 என்று திரும்பினால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின் மட்டும் பொருந்தாமல் போகும். அந்த வாடிக்கையாளரின் விற்பனை 'பெயர் இல்லை' என்ற வகையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது அளவுகோலை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை இரவு ஏற்றம் (ராத்திரியில் தானாக ஓடித் தரவை எடுத்து வைக்கும் வேலை) நெட்வொர்க் ஃபோல்டரில் நேராக சிஎஸ்வியாக எழுதிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துவிட்டது. கோப்பு ஒரு வரியின் முடிவில் நின்றிருந்தது. சிஎஸ்விக்கு இத்தோடு முடிந்தது என்று காட்டும் வாலும் கிடையாது, மொத்தம் இத்தனை வரி என்ற கணக்கும் கிடையாது. பாதிக் கோப்பும் முழுக் கோப்பு போலவே ஏறியது. காலையில் விற்பனை குறைந்திருப்பதாக ஒரு கூட்டமே நடந்து முடிந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வடிவத்தைப் பார்த்தாலும், பாதியில் அறுந்தால் இது காட்டிக்கொடுக்குமா என்று கேட்கிறேன். வடிவம் எதுவானாலும், தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்தபின் உண்மையான பெயருக்கு மாற்றுவது இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

நான்காவது, பழைய வரிகள் மாறுமா? புது வரிகள் மட்டும் சேர்ந்துகொண்டே போகும் தரவு ஒரு ரகம். ரத்தான ஆர்டரும் திருத்திய தொகையும் பின்னால் வந்து பழைய வரியை மாற்றும் தரவு வேறு ரகம்.

ஐந்தாவது, யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு. டேட்டாபேஸில் இருந்த உரிமைகள் கோப்போடு கூடவே வருவதில்லை. ஃபோல்டரைத் திறக்க முடிந்தவருக்குக் கோப்பில் உள்ள எல்லாம் தெரியும்.

| வடிவம் | யாருக்கு | தரவு வகை தங்குமா | பழைய வரியைத் திருத்த | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சிஎஸ்வி | எவருக்கும், எதற்கும் | தங்காது | முழுதும் மறுபடி எழுத வேண்டும் | வகை, எழுத்துக் குறியாக்கம், பாதிக் கோப்பு |
| எக்செல் | மனிதருக்கு | ஓரளவு | கையாலேயே மாற்றலாம் | வரி வரம்பு, தானாக நடக்கும் மாற்றங்கள் |
| க்யூவிடி | க்ளிக் மென்பொருளுக்கு | தங்கும் | முழுதும் மறுபடி எழுத வேண்டும் | வெளியே படிக்க வழி குறைவு |
| ஹைப்பர் | டேப்லோவுக்கு | தங்கும் | ஹைப்பர் ஏபிஐ மூலம் முடியும் | கூடுதல் ரீஃப்ரெஷில் விடுபடும் மாற்றங்கள் |
| பார்க்கே | பல கருவிகளுக்கும் நிரல்களுக்கும் | தங்கும் | கோப்பை மறுபடி எழுத வேண்டும் | சின்னச் சின்னக் கோப்புகள், மாதத்துக்கு மாதம் மாறும் அமைப்பு |
| டக்டிபி, எஸ்க்யூலைட் | எஸ்க்யூஎல் (டேட்டாபேஸை வினவும் மொழி) தெரிந்தவருக்கு | டக்டிபியில் தங்கும். எஸ்க்யூலைட்டில் கவனம் தேவை | எளிது | டிரைவர், ஒரே நேரத்தில் ஒருவரே எழுத முடிவது |

சிஎஸ்வி

இதன் பலம் ஒன்றுதான், ஆனால் பெரிய பலம். எந்தக் கருவியும் படிக்கும். கருவியே இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து கண்ணால் பார்க்கலாம். இருபது வருடம் கழித்தும் திறக்கும்.

பலவீனம், எழுத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. 03/04/2024 என்றால் மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா என்பது படிக்கும் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. வெற்றிடமும் காலி எழுத்தும் ஒன்றாகிவிடும். முகவரிக்குள் ஒரு காற்புள்ளியோ வரி முறிவோ இருந்தால், மேற்கோள் குறி சரியாகப் போடாத நிரல் நெடுவரிசைகளையே நகர்த்திவிடும். இதற்கெல்லாம் ஒரு பொது வழக்கை எழுதிவைத்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் 2005-லேயே வந்துவிட்டது. ஆனால் எல்லா மென்பொருளும் அதன்படி நடப்பதில்லை. தமிழ்ப் பெயர்கள் உள்ள யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் குறியாக்கம்) கோப்பை, பிஓஎம் என்ற தொடக்கக் குறி இல்லாமல் எழுதி, எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர் இருந்த இடத்தில் புரியாத குறிகள் நிற்கும்.

வேறொரு குழுவுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், பெறுபவரிடம் என்ன கருவி இருக்கிறது என்று தெரியாது என்றால் சிஎஸ்வியே சரி. கொடுக்கும்போது கூடவே ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு வையுங்கள்: நெடுவரிசைகளின் பெயரும் வகையும், தேதி எழுதிய முறை, மொத்த வரிகள், தொகை நெடுவரிசையின் கூட்டல். பெறுபவர் சரிபார்க்க அது போதும். தேதியை 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் ஒரு சண்டை குறையும்.

எக்செல்

இதைச் சேமிப்பு வடிவமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. எண்களில் 15 இலக்கம்தான் துல்லியம். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாக ஏற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வரம்பு இன்னும் சிறியது, 65,536 வரிகள். 2020-ல் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு, ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி முடிவுகளை அந்தப் பழைய வடிவத்துக்குள் ஏற்றியது. வரம்புக்கு மேல் இருந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல் போயின. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

முடிந்த அறிக்கையை மேலாளர் கையில் கொடுக்க எக்செல் நல்லது. அங்கேயே அதன் வேலை முடியட்டும். அந்தக் கோப்பை இன்னொரு ஏற்றத்துக்கு மூலமாக்காதீர்கள்.

க்யூவிடி

க்ளிக்வியூ, க்ளிக் சென்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது கைக்கு வந்த வரம். ஏற்றும் ஸ்கிரிப்டில் ஸ்டோர் என்று ஒரு வரி எழுதினால் டேபிள் கோப்பாகிவிடும். வேறு மூலங்களிலிருந்து படிப்பதைவிட இதிலிருந்து படிப்பது பொதுவாக 10 முதல் 100 மடங்கு வேகம் என்கிறது க்ளிக்கின் ஆவணம். பழகியவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கோப்பைச் சின்னதாக்கும் வழியும் தெரிந்துவிடும். க்யூவிடியின் தலையில் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் புலங்களின் (க்ளிக்கில் நெடுவரிசைக்கு இதுதான் பெயர்) விவரம் இருக்கும். அடுத்து, ஒவ்வொரு புலத்திலும் வரும் வெவ்வேறு மதிப்புகளின் பட்டியல், ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகுதான் வரிகள். வரியில் மதிப்பு இருக்காது, பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண் மட்டும், எத்தனை பிட் தேவையோ அத்தனை பிட்டில். நினைவகத்திலும் க்ளிக் தரவை ஏறக்குறைய இப்படித்தான் வைத்திருப்பதால், படிப்பது என்பது எடுத்து அப்படியே வைப்பதுதான்.

ஆக, கோப்பின் எடையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை. பரிவர்த்தனை நேரத்தை நொடிவரை ஒரே புலத்தில் வைத்தால், ஒரு வருடத்தில் 3,15,36,000 வெவ்வேறு மதிப்புகள்வரை வரலாம். அதையே தேதி ஒரு புலம், நேரம் ஒரு புலம் என்று பிரித்தால் 365-உம் 86,400-உம்தான். தகவல் எதுவும் போகவில்லை, பட்டியல் மட்டும் சுருங்கிவிட்டது. நொடி தேவையில்லை, நிமிடம் போதும் என்றால் நேரப் புலம் 1,440-ஆகக் குறையும். பவர் பிஐயின் உள் சேமிப்பும் பார்க்கேயும் இதே போன்ற அகராதி முறையைப் பயன்படுத்துவதால் இந்தப் பிரிப்பு அங்கேயும் பலன் தரும். யாராவது கோப்பு பெருத்துவிட்டது என்று வந்தால் நான் முதலில் தேடுவது நேரமுத்திரைப் புலத்தைத்தான்.

ஒளிந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, அந்த வேகம் நிபந்தனையோடு வருகிறது. படிக்கும்போது ஒரு புலத்தைக் கணக்கிட்டாலோ, வரிகளை வடிகட்டும் வழக்கமான 'வேர்' (where) நிபந்தனை ஒன்றைச் சேர்த்தாலோ, வேகப் படிப்பு போய்ச் சாதாரணப் படிப்பு வந்துவிடும். புலத்தின் பெயரை மாற்றலாம். ஒரே புலத்தைக் கொடுத்து, அதன் மதிப்பு ஏற்கெனவே ஏற்றியதில் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் நிபந்தனையும் செல்லும். அதனால் இந்த மூன்று மாதம் மட்டும் வேண்டும் என்றால், அந்த மாதங்களை முதலில் ஒரு குட்டி டேபிளாக ஏற்றிவிட்டு எக்ஸிஸ்ட்ஸ் வைத்து வடிகட்டுங்கள், வேகம் போகாது. கணக்குகள் வேண்டுமானால் எழுதும் முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, இது க்ளிக்கின் சொந்த வடிவம். வெளியிலிருந்து படிக்கச் சில திறந்தமூல நூலகங்கள் உண்டு, ஆனால் நிறுவனமே நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் பல வருட க்யூவிடிகளை மாற்றி எழுதுவது தனியொரு திட்டமாகிவிடும். தினசரி ஏற்றத்தின் நடு அடுக்காக இதைவிடப் பொருத்தமானது க்ளிக்கில் இல்லை. ஒரே வரலாற்று நகல் இதில் இருக்க வேண்டாம்.

ஹைப்பர்

டேப்லோவில் எக்ஸ்ட்ராக்ட் (மூலத் தரவின் நகல்) எடுத்தால் கிடைப்பது இது. ஹைப்பர் எஞ்சின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. டேப்லோ 2016-ல் வாங்கி, 2018-ல் 10.5 பதிப்பிலிருந்து பழைய டிடிஇ கோப்புக்குப் பதிலாகக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது முழு டேட்டாபேஸ் எஞ்சின். அதனால் ஹைப்பர் ஏபிஐ கொண்டு பைத்தானிலிருந்து கோப்பை உருவாக்கலாம், வரிகளைத் திருத்தலாம், நீக்கலாம். க்யூவிடியோடு ஒப்பிட்டால் இது தாராளம்.

கவனிக்க வேண்டியது கூடுதல் ரீஃப்ரெஷ். ஒரு தேதி அல்லது எண் புலத்தைப் பார்த்து, கடைசியாக எடுத்ததைவிடப் பெரியவற்றை மட்டும் அது சேர்க்கும். மூலத்தில் பழைய வரி திருத்தப்பட்டிருந்தாலோ நீக்கப்பட்டிருந்தாலோ அதற்குத் தெரியாது. தினமும் கூடுதல் ரீஃப்ரெஷ், வாரம் ஒருமுறை முழு ரீஃப்ரெஷ் என்று வைப்பது நல்ல பழக்கம். பயன்படாத புலங்களை மறைத்துவிட்டு எடுத்தால் அவை எக்ஸ்ட்ராக்டுக்குள் வராது, கோப்பும் இளைக்கும்.

இன்னொன்று, தொகுத்த ஒர்க்புக்கான டிடபிள்யூபிஎக்ஸ் வெறும் ஜிப் கோப்பு. அதை மின்னஞ்சலில் அனுப்பினால் டாஷ்போர்டில் காட்டாத புலங்களும் சேர்ந்தே போகின்றன. சம்பளத்தின் சராசரியைக் காட்டும் ஒரு படத்தை அனுப்புவதாக நினைத்து, எல்லோருடைய சம்பளத்தையும் அனுப்பிவிட முடியும்.

பவர் பிஐயில் இருப்பவர்களுக்கு

இங்கே க்யூவிடி போலத் தனிக் கோப்பு கிடையாது. இம்போர்ட் செய்த தரவு பிபிஐஎக்ஸ் கோப்புக்குள்ளேயே இருக்கும். வரி அளவிலான பாதுகாப்பை நீங்கள் அமைத்திருந்தாலும், அந்தக் கோப்பு கைக்கு வந்தவர் முழுத் தரவையும் பார்க்கலாம். ஒரு படத்திலிருந்து தரவை ஏற்றுமதி செய்தால் சிஎஸ்வியில் 30,000 வரிகளும் எக்செலில் 1,50,000 வரிகளும்தான் வரம்பு. அதற்கு மேல் வேண்டுபவர்கள் டாக்ஸ் ஸ்டூடியோ என்ற தனிக் கருவி மூலம் முழு டேபிளையும் சிஎஸ்வியாக எடுக்கிறார்கள். ஆனாலும் என் யோசனை வேறு: பவர் பிஐக்குள் நுழையும் முன்பே தரவைப் பார்க்கேயாக எழுதிவிட்டு, பவர் பிஐக்குள் தரவை இழுக்கும் பகுதியான பவர் க்வெரியை அங்கிருந்து படிக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதை வெளியே எடுக்கும் சிரமமே வராது.

பார்க்கே

ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து 2013-ல் வெளியிட்டது. இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டம். தரவை வரிவரியாக வைக்காமல் நெடுவரிசை நெடுவரிசையாக வைக்கிறது. ஐம்பது நெடுவரிசைகளில் மூன்று போதும் என்றால் மூன்றை மட்டும் படிக்கலாம். ஒரே வகை மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நன்றாகச் சுருங்கும். வகை விவரம் கோப்புக்குள்ளேயே இருப்பதால் 004512 என்று எழுத்தாகப் போனது எழுத்தாகவே திரும்பும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கோப்பின் வால். அமைப்பு விவரம் முழுவதும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் அறுந்த கோப்புக்கு வால் இருக்காது. படிக்கும் கருவி திறக்க மறுத்துவிடும். முன்னே சொன்ன அந்த இரவில் நான் பார்க்கேயில் எழுதியிருந்தால், ஏற்றம் பிழையோடு நின்றிருக்கும், அந்தக் கூட்டமும் நடந்திருக்காது.

வாலில் ஒவ்வொரு வரித் தொகுதியின் சிறிய மதிப்பும் பெரிய மதிப்பும்கூட இருக்கலாம். ஏப்ரல் மட்டும் வேண்டும் என்றால் ஏப்ரலே இல்லாத தொகுதிகளைத் தாண்டிவிடலாம். இதன் முழுப் பலன் வேண்டுமென்றால் தேதி வாரியாக அடுக்கிவிட்டு எழுத வேண்டும். கலைந்து கிடந்தால் எல்லாத் தொகுதியிலும் எல்லா மாதமும் இருக்கும், தாண்ட எதுவுமிருக்காது.

செலவுகளையும் சொல்ல வேண்டும். எழுதிய கோப்பில் ஒரு வரியை மாற்ற முடியாது. கோப்பையே மறுபடி எழுத வேண்டும். தினம் ஒரு குட்டிக் கோப்பு என்று சேர்ந்தால் ஆயிரம் கோப்பைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போகும். மாதம் முடிந்ததும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அமைப்பு மாறுவதும் ஒரு தொல்லை. ஒரு மாதம் தள்ளுபடி நெடுவரிசை முழுக்கக் காலியாக இருந்தால், வகையை ஊகிக்கும் நிரல் அதை எண்ணாக எழுதாமல் வேறாக எழுதிவிடும். பிறகு பன்னிரண்டு மாதங்களையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு மாதம் மட்டும் முரண்டு பிடிக்கும். வகைகளை ஊகத்துக்கு விடாமல் நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள், தொகைகளைத் தசம வகையில் வையுங்கள். பைத்தானின் தரவு நூலகமான பண்டாஸில் முழு எண் நெடுவரிசையில் ஒரு வெற்றிடம் வந்தாலும் இயல்பில் அது மிதவை எண்ணாக (தசமப் புள்ளி உள்ள எண்ணாக) மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பார்க்கே தவறான வகையையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும்.

டக்டிபி, எஸ்க்யூலைட்

பழைய வரிகள் மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு இவை. இரண்டுமே ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ், சர்வர் வேண்டாம். எழுதும்போது பாதியில் நின்றால், அதுவரை எழுதியது ரத்தாகி, பழைய நிலை அப்படியே இருக்கும். 2000-லிருந்து இருக்கும் எஸ்க்யூலைட், தனித்தனி வரிகளைத் தேடவும் திருத்தவும் தோதானது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்த டக்டிபி நெடுவரிசை முறையில் இயங்குவதால் கூட்டல், சராசரி போன்ற பகுப்பாய்வு வேலைகளுக்கு ஏற்றது. பார்க்கே, சிஎஸ்வி கோப்புகளையும் நேராக வினவும். 2024-ல் 1.0 பதிப்பு வந்தது.

எஸ்க்யூலைட்டில் ஒரு கண்ணி: முழு எண் என்று சொன்ன நெடுவரிசையிலும் எழுத்து போய் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்கும் கண்டிப்பான டேபிள் வசதி 2021-ல்தான் வந்தது, அதையும் நாமே கேட்டு வாங்க வேண்டும். தேதிக்குத் தனி வகையும் கிடையாது. பிஐ மென்பொருளிலிருந்து இணைக்கப் பெரும்பாலும் ஓடிபிசி டிரைவர் (டேட்டாபேஸோடு பேச உதவும் சின்ன மென்பொருள்) வேண்டும். உங்கள் கணினியில் போட்டால் போதாது, தானாக ரீஃப்ரெஷ் ஆகும் சர்வரிலும் போட வேண்டும். டக்டிபி கோப்பை ஒரு நிரல் எழுதத் திறந்திருக்கும்போது இன்னொரு நிரலால் திறக்க முடியாது. எஸ்க்யூலைட்டை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பலரும் எழுதுவது கோப்பையே கெடுத்துவிடக்கூடும்.

ஒன்றே போதுமா

பல இடங்களில் போதாது, அதில் தப்பும் இல்லை. மூலத்திலிருந்து எடுத்ததை எந்த மாற்றமும் செய்யாமல் பார்க்கேயாக ஓர் அடுக்கு. அதிலிருந்து சுத்தம் செய்து, கணக்குகள் முடித்து, க்ளிக் என்றால் க்யூவிடி, டேப்லோ என்றால் ஹைப்பர் என்று இரண்டாவது அடுக்கு. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி உருவாக்கலாம். முதலாவதைத்தான் காப்பு நகல் எடுத்து, யார் திறக்கலாம் என்று ஃபோல்டர் உரிமை வைத்து, எத்தனை நாள் வைத்திருப்பது என்று தேதி குறித்துக் காக்க வேண்டும். ஆள் ஒருவர், டேபிள் நாலு, மென்பொருளை மாற்றும் பேச்சே இல்லை என்றால் இந்த இரண்டடுக்கு அதிகம். சொந்த வடிவமே போதும்.

முடிவெடுக்கும் முன் ஒரு மதியத்தைச் செலவழியுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பூஜ்யக் குறியீடு, வெற்றிடம், தமிழ்ப் பெயர், நொடிவரை நேரம், பைசாவோடு தொகை எல்லாம் இருப்பது. பரிசீலிக்கும் இரண்டு வடிவங்களிலும் எழுதி, திரும்பப் படித்து, நான்கு எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள்: மொத்த வரிகள், தொகையின் கூட்டல், முதல் தேதியும் கடைசித் தேதியும், குறியீட்டுப் புலத்தில் வெவ்வேறு மதிப்புகள் எத்தனை. அப்புறம் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரலை நிறுத்திவிட்டு, மிஞ்சிய கோப்பை பிஐ மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். அது சத்தமில்லாமல் ஏறிவிட்டால், அந்த வடிவத்தை வரிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஒரு படி இல்லாமல் இரவு ஏற்றத்தில் விடாதீர்கள்.